பனியுகத்தைக் காட்ட ஒரே ஒரு நாள்: பாம்பன் பாரா, தனுஷ்கோடி மணலா, தேரியா?

ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளிகளில் பனியாற்றுப் பாடம் நடத்துவது சங்கடமான காரியம். புத்தகத்தில் மொரைனும் (பனியாறு தள்ளிவந்து குவித்த கல்மண் மேடு) யு வடிவப் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலமும் உப்பளமும்தான். அதனால் களப்பயணம் என்ற பேச்சு வந்தாலே அறிவியல் மையம், அருங்காட்சியகம் என்று முடிந்துவிடுகிறது. அதற்கு அவசியமில்லை. இந்தக் கரையில் ஒரு பனியாறும் ஓடியதில்லை, ஆனால் கரையின் இன்றைய வடிவத்தைத் தீர்மானித்ததில் பனிக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பேருந்து, ஒரு பகல் என்ற கணக்கில் எங்கே போவது என்பதுதான் கேள்வி. எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அளந்து பார்க்கும் வயதுப் பிள்ளைகள் என்றால் பாம்பன், சிறு பிள்ளைகள் என்றால் தனுஷ்கோடி. திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்கு மேல்நிலை மாணவர்களை மட்டும் அழைத்துப் போகலாம். குருசடைத் தீவை இதே நாளில் சேர்க்க வேண்டாம்.

பனி செதுக்கிய நிலத்தைப் பாதுகாத்து மக்களுக்குக் காட்டும் பூங்காக்கள் எப்படி இருக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஈரி ஏரியின் கெல்லிஸ் தீவில், பனியாறு சுண்ணாம்புப் பாறையை உழுதுகொண்டு போன பள்ளங்கள் சுமார் 120 மீட்டர் நீளத்துக்கும் 10 மீட்டர் அகலத்துக்கும் கிடக்கின்றன. சுற்றிலும் வேலியும் பார்வையாளர் நடைபாதையும் படிகளும் உண்டு. இதைவிடப் பெரிய பள்ளங்கள் அங்கேயே இருந்தன, 19ஆம் நூற்றாண்டில் கல் வெட்டியதில் போய்விட்டன. விஸ்கான்சினுக்கும் மின்னசோட்டாவுக்கும் நடுவே செயின்ட் குரோய் ஆற்றங்கரைப் பூங்காவில், உருகிய பனிநீர் சுழன்று கருங்கல்லைக் குடைந்த குழிகளைக் காட்டுகிறார்கள். ஆழமான ஒன்று 60 அடி. இந்தியாவுக்குள்ளேயே ஒடிசாவின் தால்ச்சேரில், பனி சுமந்து வந்து போட்ட உருண்டைக் கற்களின் படுகையை நிலவியலாளர்கள் 1856லேயே அடையாளம் கண்டார்கள். ஆனால் அது கிட்டத்தட்ட 30 கோடி ஆண்டுக்கு முந்தைய வேறொரு பனிக்காலம்.

அங்கெல்லாம் பனி செய்த வேலை கல்லில் கீறலாகவும் குழியாகவும் நிற்கிறது. நம் கரையில் அது ஒரு மட்டமாக நிற்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் மூடிய பனிக்குக் கடலிலிருந்துதான் நீர் போனது. உலகக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. ஆகவே மண்டபத்திலிருந்து தலைமன்னார் வரை கால் நனையாமல் நடக்கலாம் என்ற நிலை பல ஆயிரம் ஆண்டுகள் நீடித்தது. பனி உருகியபோது கடல் சராசரியாக நூறாண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறி அந்தத் தரையை மூடியது.

கதையின் இரண்டாம் பாதி பாடப்புத்தகத்தில் இருப்பதில்லை. உருகல் ஏறக்குறைய முடிந்த பிறகு, இங்கே கடல் இன்றைய மட்டத்தைவிடச் சற்று மேலே நின்று, பின்பு இறங்கியது. பனிப்பாரம் அழுத்திய நிலத்தின் ஓரங்களில் பிதுங்கியிருந்த கடல்தளம், பாரம் நீங்கியதும் மெல்ல அமிழ்ந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப நடுக்கோட்டுப் பக்கத்து நீர் இழுபட்டது. கூடவே, புதிதாகச் சேர்ந்த நீரின் எடை கடல்தளத்தை அழுத்த, கண்டத்தின் கரை லேசாக எழும்பியது. இரண்டும் சேர்ந்து நம் கரையில் கடல் பின்வாங்கியதாகத் தெரிகிறது. பாம்பனில் பார்க்கப்போவது இந்த இரண்டாம் பாதியின் தடத்தை.

பாம்பன் வடகரை: அளக்கக்கூடிய சான்று

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடைப்பட்ட வடகரையில், பாக் விரிகுடாவைப் பார்த்தபடி, செத்த பவளப் பார் (பவளம் வளர்ந்து பாறையான திட்டு) துண்டு துண்டாக நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே ராமேசுவரம் தீவின் எழும்பிய பாரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1972இல் ஸ்டாட்டர்ட்டும், மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கோபிநாத பிள்ளையும் வெளியிட்ட ஆய்வு, கார்பன் கணிப்பின்படி இந்தப் பவளத்துக்குச் சுமார் 4,000 ஆண்டு வயது என்றது. நிலமே எழும்பியதா, கடல் இறங்கியதா என்ற வாதம் முழுவதும் அடங்கிவிடவில்லை. மாணவர்களிடம் அதையும் சொல்லலாம். வாதம் நடக்கிற இடத்தில் நிற்கிறோம் என்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இந்த இடத்தை முதலில் வைப்பதற்குக் காரணம், பவளம் தானே ஒரு அளவுகோல் என்பதுதான். உருண்டையாக வளரும் போரைட்டிஸ் வகைப் பவளம், நீர் வற்றும்போதும் நனைந்திருக்கும் உயரம் வரைதான் மேல்நோக்கி வளரும். அதற்கு மேலே வெயில் கொன்றுவிடும். பிறகு பக்கவாட்டில் பரவி, தலை தட்டையாகிவிடும். அந்தத் தட்டைத் தலை, அது உயிரோடிருந்த காலத்து வற்று மட்டத்தின் குறி. இன்றைய வற்று மட்டத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால், கடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு நேரடி எண் கையில் வந்துவிடும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிந்த டியூப் 20 மீட்டர், இரண்டு மர அளவுகோல், ஒரு வாளி, சொட்டுநீலம், அடியில் சிறு துளையிட்ட இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று. வாளித் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விட்டு, டியூபின் ஒரு முனையை முக்கி மறுமுனையில் உறிஞ்சி நிரப்புங்கள். குடத்திலிருந்து ஊற்றி நிரப்பினால் நடுவில் காற்றுக்குமிழ் தங்கும், அளவு அடிக்கணக்கில் தப்பும். நிரப்பியதும் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் குமிழ் இருக்கிறது, டியூபைத் தட்டி வெளியேற்றுங்கள். பிறகு கரையோரம் துளைப் பாட்டிலை மணலில் பாதி புதையாமல் நிறுத்துங்கள். வெளியே அலை அடித்தாலும் பாட்டிலுக்குள் நீர் நிதானமாக நிற்கும், அந்த மட்டம்தான் உங்கள் கடல் மட்டம். ஒரு கோலைப் பாட்டில் பக்கத்திலும் மற்றொன்றைப் பாரின் தட்டைத் தலையிலும் நிறுத்தி, டியூபின் இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரத்தைப் படியுங்கள். கடல் பக்கக் கோலில் பாட்டில் நீர்மட்டத்துக்கு மேல் உள்ள உயரத்திலிருந்து, பார் பக்கக் கோலில் உள்ள உயரத்தைக் கழித்தால் விடை. பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கடிகார நேரத்தோடு எழுத வேண்டும். எதிர்பார்க்க வேண்டியது சில அடிகள். பத்து அடி என்று வந்தால் டியூபில் காற்று இருக்கிறது என்று பொருள்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, நேரம். இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது, அதனால் எப்போது போனாலும் ஒன்றுதான் என்று தோன்றும். நாம் தேடும் வித்தியாசமும் அதே அளவு சிறியது என்பதால் நேரம்தான் எல்லாம். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளைத் தேர்ந்து, பாம்பன் கால்வாய்க்கான ஓத அட்டவணையில் அன்றைய குறைந்த நீரின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். நவம்பரில் வங்கக் கடலின் சராசரி மட்டமே வேனில் தொடக்கத்தைவிடக் கால் மீட்டருக்கு மேல் ஏறியிருக்கும். ஆண்டுதோறும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் ஒரே மாதத்தில் அளங்கள்.

இரண்டாவது, புயல் எறிந்த பவளத்தைப் பார் என்று நினைத்துவிடுவது. இடத்திலேயே வளர்ந்த பவளம் நிமிர்ந்து நிற்கும், வளர்ச்சி வரிகள் மேல்நோக்கி விரியும், அடிப்பாகம் கீழே உள்ள பாறையோடு ஒட்டியிருக்கும். எறிபட்டது சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடக்கும், இடையில் சிப்பியும் மணலும் அடைந்திருக்கும். அசைத்தால் அசையும் என்றால் அளக்காதீர்கள்.

மூன்றாவது, சட்டம். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டுதானே என்று பையில் போட்டுக்கொள்ளக் கூடாது, சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்காகும். பேருந்தில் ஏறுமுன் பிள்ளைகளின் பைகளை ஆசிரியரே பார்த்துவிடுவது நல்லது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் இந்தக் கரையில் பவளம் வெட்டி எடுத்த வரலாறு நீளமானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் நீருக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கெல்லிஸ் தீவில் கல் வெட்டியவர்கள் செய்ததும் இதுதான். மிஞ்சியதற்கு அங்கே வேலி போட்டார்கள். பாம்பன் வடகரையில் வேலியும் இல்லை, இது என்ன என்று சொல்லும் பலகையும் இல்லை.

கரை ஊர்க்காரர்களின் வலையும் படகும் கிடக்கும் இடம் அது. முதல்நாளே ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், வற்றும் நேரத்தையும் நல்ல பார் எங்கே தெரியும் என்பதையும் அவர்களே காட்டிவிடுவார்கள். காலில் செருப்பு போதாது, கட்டிய ஷூ வேண்டும். பவள விளிம்பு கத்தி மாதிரி வெட்டும், வெட்டிய புண் ஆற நாளாகும்.

தனுஷ்கோடி: காட்சி உண்டு, சான்று குறைவு

ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை சாலை வந்த பிறகு பள்ளிப் பேருந்தே கடைசி வரை போகிறது. சிறு பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான இடம் இல்லை. ஒரு பக்கம் ஆண் கடல் (மன்னார் வளைகுடா), மறுபக்கம் பெண் கடல் (பாக் விரிகுடா), நடுவே ஒரு கீற்று மணல், எதிரே இலங்கை நோக்கிப் போகும் மணல் தீடைகள். மூழ்கிய நிலத்தின் மேல் நிற்கிறோம் என்பதைச் சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் சான்று என்று வரும்போது தனுஷ்கோடி பலவீனமானது. காலில் மிதிபடும் மணல் பனியுகத்து மணல் அல்ல. வாடைக் காலத்தில் ஒரு பக்கமிருந்தும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மறுபக்கமிருந்தும் அள்ளப்பட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பது. போன ஆண்டு பார்த்த முனையின் வடிவம் இந்த ஆண்டு இருக்காது. அளப்பதற்கு நிலையான குறி எதுவும் இல்லை. அதோடு 1964 டிசம்பர் புயலின் கதை வகுப்பை விழுங்கிவிடும். சாயந்தரம் கேட்டால் பாதிப் பிள்ளைகள் கடல் ஏறியது 1964இல்தான் என்பார்கள். புயல் அலை ஒரு இரவின் வேலை, பனி உருகிய ஏற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் வேலை. இந்தப் பிரிவினையைப் பேருந்தில் போகும்போதே சொல்லி முடித்துவிட வேண்டும், இறங்கிய பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

அங்கே செய்ய வேண்டிய பாடம் எளியது. ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உயரக் கோலை மணலில் நடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சமம். கோலின் உச்சி இன்றைய கடல் மட்டம், அடி பனியுகத்துக் கடல் மட்டம். உச்சியிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள், பாக் விரிகுடாவின் தரை அனேகமாக அதற்குள் அடங்கும். தீடைகள் உள்ள இடமோ பல இடங்களில் ஓரிரு மீட்டர்தான், அதாவது கோலில் விரல் அகலம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ராமர் பாலம் பற்றிக் கேள்வி வரும். நம்பிக்கையை வகுப்பில் விசாரிக்கத் தேவையில்லை, ஆழக் கணக்கைச் சொல்லிவிட்டு நகரலாம்.

இன்னொன்றும் அங்கே காட்டலாம். சில அடி மணலைத் தோண்டினால் குடிக்கத் தகுந்த நீர் ஊறும். இரு புறமும் கடல் இருக்க நல்ல தண்ணீர் எப்படி வந்தது? மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது, மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும், அதனால்தான் அங்குள்ளவர்கள் ஊற்றை ஆழப்படுத்துவதில்லை. இடிந்த தேவாலயத்தின் சுவரையும் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், தொடாமல். சுவரில் இருப்பது பவளக் கல், அதன் கண்கண்ணான அமைப்பு தெளிவாகத் தெரியும். பாம்பன் போக முடியாதவர்களுக்குப் பவளத்தை அறிமுகப்படுத்த அது போதும்.

குளிக்கக் கூடாது என்பதில் சமரசமே வேண்டாம். முனையில் இரு கடல் நீரோட்டங்களும் சந்திக்கின்றன, கரைக்கு மிக அருகிலேயே மணல் சரிந்து ஆழமாகிவிடும். நிழல் என்று எதுவும் இல்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பதினோரு மணிக்கு முன் முடிப்பது என்று திட்டமிடுங்கள். மாலை மங்குமுன் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தாமதமாகப் போய்ப் பயனில்லை. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் இப்பகுதி 2025இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, பறவைக் கூட்டத்தை நோக்கி ஓடவிடக் கூடாது. ட்ரோனை வீட்டில் வையுங்கள், இது கடற்படைக் கண்காணிப்பில் உள்ள கரை. சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு ரோமிங் காசு தின்னும், ரோமிங்கை முன்பே அணைத்துவிடுங்கள்.

குருசடை

குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம். உயிருள்ள பவளத்துக்கும் கடல் உயிர்களுக்கும் அதுவே சிறந்த இடம். பனியுகப் பாடத்துக்கு அது சுற்றுவழி. காற்று சற்றுக் கூடினாலும் படகு நிற்கும், இருக்கைகள் குறைவு, ஐம்பது பிள்ளைகளை முறைவைத்து அனுப்பினால் பகல் முழுக்க அதிலேயே போகும். தனியாக ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் போய் வாருங்கள். ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையின் கண்ணாடிப் படகுக்கும் இதே கருத்துதான்.

தேரி: தூரம் அதிகம், பாடம் ஆழம்

மாவட்ட எல்லை தாண்டி, திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே குதிரைமொழித் தேரி. போகவர ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. அந்தச் செம்மணல் மேடுகளைப் பற்றி நிலவியலாளர்கள் வைக்கும் விளக்கம், பனியுகத்தில் கடல் விலகித் திறந்து கிடந்த கடலடித் தரையின் மணலைக் காற்று அள்ளிவந்து குவித்தது என்பது. பிற்பாடு மணலில் உள்ள இரும்புத் தாதுக்கள் துருப்பிடித்துப் பரல்மேல் பூசிக்கொண்டதில் சிவப்பானது. மேல்நிலை மாணவர்களுக்கு இது நல்ல வேட்டை: ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி மணலில் இழுத்தால் கருமணல் ஒட்டும். கைப்பிடிச் சிவப்பு மணலை வெந்நீரில் கழுவினால் நிறம் அனேகமாகப் போகாது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் வெளுக்கத் தொடங்கும். அமிலச் சோதனையை ஆய்வகத்துக்குத் திரும்பியபின் செய்யுங்கள், மணல்வெளியில் வேண்டாம்.

ஆனால் தேரி எதையும் நேரடியாகக் காட்டாது. சிவப்பு மேட்டில் ஏறி நின்றால் தெரிவது சிவப்பு மேடுதான். கடல் விலகியது, காற்று அடித்தது, துரு ஏறியது என்ற மூன்று படிகளையும் மாணவன் மனத்தில் கோத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கீழே அது நடப்பதில்லை, மணலில் உருண்டு விளையாடிவிட்டு வருவார்கள். கோடைப் பகலில் மணல் பாதத்தைப் பொசுக்கும், காலை ஒன்பதுக்குள் மேட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். அதற்கு ராமநாதபுரத்திலிருந்து நள்ளிரவு தாண்டியே கிளம்ப வேண்டியிருக்கும், அல்லது முதல்நாள் இரவு திருச்செந்தூரில் தங்க வேண்டும். ஒரு பகல் என்ற நம் கணக்கு அங்கேயே உடைகிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைச் சேர்த்துப் பார்த்தால், மணல்மேடு மழையைக் குடித்து அடிவாரத்தில் கக்குவதையும் சொல்லிக்கொடுக்கலாம். அந்த ஒன்றுக்காகத் தேரியை மேலே வைக்க மனம் இழுக்கிறதுதான்.

நாளும் நேரமும்

பாம்பனைத் தேர்ந்தால் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் தோதானவை. வாடை ஓய்ந்து பாக் விரிகுடா அடங்கியிருக்கும், பிப்ரவரியில் என்றால் தேர்வு நெருக்கடியும் உச்சத்துக்குப் போயிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகரையில் அலையும் மழையும் அளவைக் கெடுக்கும். ஜூன், ஜூலையில் கச்சான் தென்கரையைத்தான் அடிக்கும், வடகரை ஓரளவு தாங்கும், ஆனால் மணற்காற்றில் டியூபைப் பிடித்து நிற்பது கஷ்டம்.

குறைந்த நீர் காலை ஏழிலிருந்து பத்துக்குள் விழும் நாளாகப் பாருங்கள். அளவு முடிந்ததும் சாலைப்பாலத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே கால்வாயைக் காட்டலாம், நீர் வற்றியிருந்தால் அடியில் பாறைத்திட்டுகள் தெரியும். பாலத்தில் வண்டியை நிறுத்துவது ஆபத்து, மற்ற சுற்றுலா வண்டிகள் நிறுத்துகின்றன என்பதற்காக நீங்களும் நிறுத்த வேண்டாம். குறைந்த நீர் பிற்பகலில்தான் விழுகிறது என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: காலை தனுஷ்கோடியில் கோல் பாடம், மதியச் சாப்பாடு ராமேசுவரத்தில், திரும்பும் வழியில் பாம்பனில் அளவு. ஐம்பது பேருக்கு மேல் என்றால் மூன்று டியூப் வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது என்றால் பின்வரிசை கடலுக்குள் இறங்கிவிடும்.

மழை எச்சரிக்கை வந்துவிட்டால் மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிக்கூடம் மாற்று ஏற்பாடு. பள்ளித் தலைப்புத்தாளில் எண்ணிக்கையும் வகுப்பும் நேரமும் எழுதிய கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கிளம்பும் நாளுக்கு முன்தினம் ஒருமுறை போனில் உறுதி செய்துகொள்ளுங்கள்.